கவிழ்த்துப் பார்க்கும் கலை: பழைய இமாரிப் பீங்கானைச் சேர்ப்பதற்கும் இனங்காண்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஜப்பானியப் பாண்டங்களைச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் முடிவு செய்யவேண்டியது, எவற்றைச் சேர்க்கப்போவதில்லை என்பதைத்தான். பிசென், ஷிகாராக்கி, தம்பா, எச்சிசென், தொக்கொனாமே, செத்தோ என்னும் ஆறு பழஞ்சூளைகளின் முரட்டுச் சாடிகள் ஒரு தனி உலகம். தேநீர்ச் சடங்குக்காகப் பிறந்த ராக்கு, ஷினோ, ஓரிபே, கரட்சுக் கிண்ணங்கள் இன்னொன்று. பொன்னும் வண்ணமும் நெருக்கிப் பூசி மேலைநாடுகளுக்கு அனுப்பப்பட்ட சட்சுமா, குத்தானிக் கலங்கள் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கண் பழகவேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கியவர்கள் பத்தாண்டுக்குப் பிறகும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டி கோ-இமாரி, அதாவது பழைய இமாரி என்று அழைக்கப்படும், தென்ஜப்பானின் கியூஷூத் தீவிலுள்ள ஹிசென் பகுதிப் பீங்கானை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அது பெருந்தொகையாக எஞ்சியிருக்கிறது, அகழாய்வுகளால் அதன் காலவரிசை நன்கு நிறுவப்பட்டிருக்கிறது, அதன் எளிய வகைகள் நடுத்தர வருமானக்காரருக்கும் எட்டக்கூடியவை.

முதல் படி: காலவரிசையை மனத்தில் நிறுத்துதல்

ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாவின் மீது நடத்திய படையெடுப்புகளின்போது, கியூஷூத் தீவின் குறுநில மன்னர்கள் கொரியக் குயவர்களைத் தங்கள் நாடுகளுக்குக் கொண்டுவந்தனர். அவர்களுள் ஒருவரான யீ சாம்-பியோங், இன்றைய சாகா மாநிலத்திலுள்ள அரிதாவில், இசுமியாமா என்னும் குன்றில் பீங்கானுக்கேற்ற கல்லைக் கண்டெடுத்தார் என்றும், அது 1616-இல் நடந்தது என்றும் மரபு கூறுகிறது. அரிதாவில் சுடப்பட்டவை இமாரித் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறியதால், வாங்கியவர்கள் அவற்றை இமாரி என்றே அழைத்தனர். ஊரின் பெயரைவிடத் துறையின் பெயரே நிலைத்துவிட்டது.

1610-களிலிருந்து 1640-கள் வரையிலானவற்றைத் தொடக்க இமாரி என்பர். 1640-களில் மெருகின், அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சின், மேல் வண்ணம் தீட்டும் முறை அரிதாவுக்கு வந்தது. இதனோடு அரிதாக் குயவர் சகைதா காகியெமோனின் பெயர் இணைத்துச் சொல்லப்படுகிறது. 1644-இல் மிங் அரசு வீழ்ந்து சீனச் சூளைகளின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜப்பானை நாடியது. 1659-இல் அது அரிதாவுக்குக் கொடுத்த ஒரே ஆணை 56,700 உருப்படிகளுக்கானது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கமும் தொழில்நுட்பத்தின் உச்சம். அதன்பின் ஏற்றுமதி தேய, உள்நாட்டுச் சாப்பாட்டு மேசைக்கான உற்பத்தி பெருகியது. 1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியதும் சாயமும் சூளையும் மாறின.

இந்தக் காலவரிசை வெறும் ஊகத்தில் எழுந்ததன்று. சூளைகளின் அருகே குவிந்துகிடந்த கழிவுச் சில்லுகள் அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்க்கப்பட்டுள்ளன. எதோ என்னும் நகரை (இன்றைய தோக்கியோவை) 1657-இல் எரித்த மெய்ரெக்கிப் பெருந்தீயின் சாம்பல் அடுக்குக்குக் கீழே கிடைத்த ஒரு தட்டு, அந்த ஆண்டுக்கு முன்பே செய்யப்பட்டதென்று ஐயமின்றித் தெரிகிறது. ஒரு வியாபாரி நூற்றாண்டைச் சொல்லும்போது, அவர் இத்தகைய சான்றின்மேல் நின்று சொல்கிறாரா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

இரண்டாம் படி: வாங்குமுன் கண்ணையும் கையையும் பழக்குதல்

அரிதாவில் 1980-இல் திறக்கப்பட்ட கியூஷூ மட்கல அருங்காட்சியகத்தில் ஷிபாதா தம்பதியர் வழங்கிய 10,000-க்கும் மேற்பட்ட ஹிசென் பீங்கான்கள் இருக்கின்றன. அழகானவற்றை மட்டும் பொறுக்காமல், எதோ காலம் (1603–1868) முழுவதையும் வகைவாரியாகக் காட்டவேண்டும் என்னும் நோக்கத்தோடு திரட்டப்பட்டவை அவை. ஒரு நாள் முழுவதும் அங்கே காலவரிசையில் நடந்துவந்தால், நீலத்தின் சாயல் மாறுவதும் தட்டின் வடிவம் மாறுவதும் தாமாகவே மனத்தில் பதியும். நேரில் செல்ல இயலாதவர்கள், பொருளின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து வெளியிட்டிருக்கும் அருங்காட்சியகப் பட்டியல்களைத் தேடிப் படிக்கவேண்டும். முகத்தை மட்டும் காட்டும் பெரிய வண்ணப்படங்கள் கண்ணுக்கு விருந்து. இனங்காண அவை பெரிதும் உதவா.

கைப்பழக்கத்துக்கு உடைசில்லுகளே சிறந்தவை. உள்ளிருக்கும் மண், மெருகின் தடிமன், நீலம் அமர்ந்திருக்கும் ஆழம் ஆகியவற்றை முழுத் தட்டு ஒருபோதும் காட்டாது. உடைந்த விளிம்பு காட்டிவிடும். சந்தைகளில் பழைய சில்லுகளும் உடைந்த தட்டுகளும் சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். சூளைத் தலங்களில் கிடப்பவற்றைப் பொறுக்கக்கூடாது. அவற்றுள் பல பாதுகாக்கப்பட்ட வரலாற்று இடங்கள்.

முழு உருப்படிகளில் தொடங்க விரும்புவோருக்குச் சோபாச்சோக்கோ என்னும் சிறு குவளையைப் பரிந்துரைக்கிறேன். வாய் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர் அளவுள்ள இந்தக் குவளை பதினேழாம் நூற்றாண்டிலிருந்து மெய்ஜி வரை தொடர்ந்து செய்யப்பட்டது, கோலங்கள் எண்ணற்றவை, வடிவமும் அடியும் காலந்தோறும் மாறியிருக்கின்றன. இருபது குவளைகளை ஓர் அலமாரியில் வரிசைப்படுத்தினால் இருநூறு ஆண்டுக்காலப் பாடம் அங்கேயே அமைந்துவிடும். குராவாங்கா எனப்படும் தடித்த, சற்றே சாம்பல் படிந்த எளிய கிண்ணங்களும் நல்ல தொடக்கமே. ஒசாகாவுக்கும் கியோத்தோவுக்கும் இடையே யோதோ ஆற்றில் சென்ற பயணப் படகுகளை நெருங்கி, ‘தின்னமாட்டீர்களா’ என்று முரட்டுத்தனமாகக் கூவிச் சோறும் மதுவும் விற்ற சிறுபடகுக்காரர்களின் சொல்லே அந்தப் பெயர். அரிதாவின் அண்டையிலுள்ள ஹசாமியில் அவை மிகுதியாகச் செய்யப்பட்டன.

மூன்றாம் படி: கவிழ்த்து அடியைப் படித்தல்

பொருளைக் கையில் எடுத்ததும் ஓவியத்தை ரசிக்காமல் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும். போலி செய்பவர் முகத்துக்குச் செலவிடும் உழைப்பில் பாதியைக்கூட அடிக்குச் செலவிடுவதில்லை. மேலும், அடி என்பது சூளைக்குள் பொருள் எப்படி நின்றது என்பதற்கான பதிவு. அலங்காரத்தைப் பார்த்து எழுதிவிடலாம், சூளைமுறையை அப்படி எளிதில் நடிக்கமுடியாது.

தொடக்க இமாரித் தட்டின் அடிவளையம் மிகச் சிறியது. தட்டின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அக்காலத்தில் முதற்சூடு இல்லாமல் பச்சைமண்ணின் மீதே மெருகை ஏற்றினர். அடியைப் பிடித்து மெருகுக் கலவையில் அமிழ்த்தியெடுத்த குயவரின் விரல்தடங்கள் வளையத்தருகே அப்படியே எஞ்சியிருப்பதும், வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருப்பதும் உண்டு. நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் விரல் பதிந்த இடத்தில் நம் விரலை வைத்துப் பார்ப்பது, இந்தச் சேகரிப்பில் கிடைக்கும் பெரிய பேறு.

1650-களிலிருந்து அடிவளையம் அகன்றது. அகன்ற அடி சூளையின் கடும் வெப்பத்தில் நடுவில் தொய்ந்து இறங்கும் என்பதால், அதே மண்ணால் செய்த சிறு கூம்புகளை முட்டுக்கொடுத்தனர். சுட்டபின் அவற்றைத் தட்டி எடுத்த இடங்களில் சிறு புள்ளித் தழும்புகள் மிஞ்சின. பெரிய தட்டின் அடிப்பரப்பில் ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து என இவை அமைந்திருக்கும். இந்த முள்தடங்கள் ஜப்பானியப் பீங்கானைச் சீனப் பீங்கானிலிருந்து பிரிக்கும் மிகப் பயனுள்ள அடையாளங்களுள் ஒன்று. அரிதாவின் நிறங்களைப் பார்த்துச் சீனாவில் செய்யப்பட்ட ‘சீன இமாரி’யில் இவற்றைக் காண்பது அரிது. ஆனால் இந்த விதியைத் திருப்பிப் போடக்கூடாது: சிறிய தட்டுக்கு முட்டு தேவைப்படவில்லை, ஆகவே முள்தடம் இல்லாததாலேயே ஒரு பொருள் ஜப்பானியதன்று என்றாகிவிடாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இன்னொரு வகை அடி பெருகுகிறது. அடியின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் மெருகோடு குழிந்திருக்க, அதைச் சுற்றி மெருகு நீக்கப்பட்ட அகன்ற வளையம் இருக்கும். பார்வைக்குப் பாம்பின் கண் போலிருப்பதால் ஜப்பானியர் அதை ஜானோமே என்பர். சோபாச்சோக்கோவில் இத்தகைய அடியைக் கண்டால் அது பதினேழாம் நூற்றாண்டுப் பொருள் என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

மெருகில்லாத வளையத்தை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். பல தலைமுறை மரத்தட்டிலும் பாயிலும் வைத்தெடுக்கப்பட்ட வளையம் வழுவழுப்பாகியிருக்கும். அழுக்கு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கியிருக்கும். தேயிலைச் சாற்றில் ஊறவைத்துப் பழுப்பேற்றியது மேலாகவே பரவி, எல்லா இடத்திலும் ஒரே நிறமாயிருக்கும். தட்டின் உட்புறக் கீறல்களையும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நோக்கவேண்டும். உண்மையான பயன்பாட்டுக் கீறல்கள் வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு திசையில் செல்லும், உப்புத்தாள் இட்டவை ஒரே திசையில் ஓடும்.

நான்காம் படி: மண், மெருகு, நீலம்

இசுமியாமாக் கல்லில் சிறிதளவு இரும்பு உண்டு. ஆகவே பழைய அரிதாப் பீங்கானின் வெண்மை பால்போன்ற தூய வெண்மையாக இராமல், மெல்லிய நீலமோ சாம்பலோ கலந்து தோன்றும். மாவு போலச் சமமான, குற்றமற்ற வெண்மை பிற்காலத்தின் அறிகுறி. இதற்கு ஒரு விலக்கு உண்டு: காகியெமோன் வகையின் நிகோஷிதே என்னும் வெதுவெதுப்பான பால்வெள்ளை. அது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் மறைந்து, 1953-இல் அந்தப் பெயரை வழிவழியாக ஏற்ற பன்னிரண்டாம், பதின்மூன்றாம் காகியெமோன்களால் மீட்கப்பட்டது. ஆகவே நிகோஷிதே என்பதால் மட்டும் பழமை உறுதியாகாது.

நீலத்தைப் பொறுத்தவரை நினைவில் வைக்கவேண்டிய கோடு 1870-ஐ ஒட்டி விழுகிறது. அதுவரை பயன்பட்டது கோசு எனப்படும் இயற்கைக் கோபால்ட் கனிமம். இரும்பும் மாங்கனீசும் கலந்திருப்பதால் அதன் நீலம் அடங்கியது, சிலவற்றில் கருமைக்கும் சிலவற்றில் சாம்பலுக்கும் சாய்வது, ஒரே தூரிகைத் தடத்துக்குள்ளேயே அடர்ந்தும் வெளிறியும் நிற்பது. 1870-இல் ஜெர்மானிய வேதியியலாளர் காட்ஃபிரீட் வாகனர் அரிதாவுக்கு வந்து, தூய்மையாக்கிய மேலைநாட்டுக் கோபால்ட்டின் பயன்பாட்டைக் கற்பித்தார். அந்த நீலம் ஊதாவை நோக்கிச் சாயும். கூர்மையானது, பளிச்சென்று கண்ணில் அறைவது, பரப்பெங்கும் ஒரே சீரானது. இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கமாக ஒருமுறை வைத்துப் பார்த்தவர்கள் பிறகு எளிதில் ஏமாறுவதில்லை. கடையின் மஞ்சள் விளக்கின்கீழ் மட்டும் நீலத்தை எடைபோடாமல், பொருளை வாசலுக்குக் கொண்டுசெல்ல அனுமதி கேளுங்கள்.

ஐந்தாம் படி: கைவரைவா, அச்சா

மெய்ஜி காலத்தில் துளையிட்ட தாளை வைத்து நீலம் தேய்க்கும் முறை பரவியது. அதில் கோடுகள் தொடர்ந்து ஓடாமல் இடையிடையே அறுந்திருக்கும், ஏனெனில் தாள் கிழியாதிருக்கப் பாலங்கள் விடவேண்டும். தாளின் இரு முனைகள் சந்திக்கும் இடத்தில் கோலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இடைவெளி விட்டோ நிற்கும். அடுத்து வந்த செப்புத்தகட்டு அச்சில் மெல்லிய இணைகோடுகளால் நிழல் போடப்பட்டிருக்கும். இவை இரண்டும் நூற்றாண்டைக் கடந்தவை, குறைந்த விலைக்குக் கிடைப்பவை, தினமும் சாப்பிடப் பயன்படுத்தக்கூடியவை. எதோ காலத்துக் கைவரைவின் விலைக்கு அவற்றை வாங்காதிருந்தால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அச்சுப் போலத் தோன்றும் எல்லாமே மெய்ஜியைச் சேர்ந்தவையல்ல. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில், கொன்னியாக்கு அச்சு என்று பெயர்பெற்ற முத்திரை முறை ஒன்று அரிதாவிலும் ஹசாமியிலும் இருந்தது. தட்டின் நடுவில் சற்றே மங்கி, விளிம்பு கசிந்தாற்போல் நிற்கும் ஐந்து இதழ்ப் பூ அதன் மிகப் பரவலான சின்னம். மங்கிய அந்தப் பூவை அவசர வேலை என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

கைவரைவிலும் காலம் தெரியும். தாக்கோ-கரக்குசா என்னும் ஆக்டோபஸ் கொடிக்கோலத்தில், முந்தையவற்றில் கொடியின் இரு ஓரங்களையும் மெல்லிய கோட்டால் வரைந்து உள்ளே நீலம் நிரப்பியிருப்பார்கள். பிந்தையவற்றில் தூரிகையின் ஒரே இழுப்பில் சுருள் முடிந்துவிடும். வேலை மலிவாவதை அந்தக் கொடி மறைப்பதில்லை.

ஆறாம் படி: குறியெழுத்தைக் கடைசியில் படித்தல்

புதியவர்கள் முதலில் தேடுவது அடியிலுள்ள எழுத்தைத்தான். அதைக் கடைசியில் படிக்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அரிதாத் தட்டுகளில் சீனப் பேரரசர் செங்ஹுவாவின் ஆட்சிக்குறி சாதாரணமாகக் காணப்படும். அவர் ஆண்டது 1465 முதல் 1487 வரை. அப்போது அரிதாவில் பீங்கானே இல்லை. ஏமாற்றும் நோக்கமின்றி, உயர்ந்த சீனப் பீங்கானின் தோற்றத்துக்காக அந்தக் குறியை எழுதினர். சதுரத்துக்குள் எழுதிய ‘ஃபுக்கு’, அதாவது நற்பேறு என்னும் எழுத்து, காலத்துக்குக் காலம் வடிவம் மாறுவதால் சற்று உதவும். அதன் ஒரு பகுதி சுழல்போலச் சுருண்டிருப்பது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியையும் பதினெட்டாம் நூற்றாண்டையும் சேர்ந்தது. எதோ காலப் பாண்டங்களில் பெரும்பாலானவற்றில் எந்தக் குறியும் இராது.

‘தாய் நிப்பொன்’, அதாவது பெரும் ஜப்பான் என்று சீன எழுத்தில் இருந்தால், மெய்ஜியோ அதற்குப் பிந்தியதோ என்று கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் ‘நிப்பான்’ என்றிருப்பது, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1891-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டத்தின் விளைவு; 1921-இல் அந்த நாட்டுச் சுங்கத்துறை ‘ஜப்பான்’ என்றே எழுதவேண்டும் என்றது. ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்பது போருக்குப் பிந்தி, 1952 வரையிலான ஆண்டுகளுக்குரியது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பீங்கானைத் தேடுபவர்கள் இந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருந்தால், ‘மேட் இன் ஜப்பான்’ என்று பொறித்த தட்டுக்கு இருநூறு ஆண்டு வயது சொல்லப்படும்போது புன்னகையோடு கீழே வைத்துவிடலாம்.

எழுத்தை நம்பி அறிஞர்களே வழுக்கிய வரலாறும் உண்டு. எய்னின் இரண்டாம் ஆண்டு, அதாவது 1294, என்று பொறித்த செத்தோச் சாடி ஒன்று 1959-இல் ஜப்பானில் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குயவர் கதோ தொக்குரோ அது தம் கைவேலை என்றார். எக்ஸ்-கதிர் ஆய்வில் மெருகும் பழங்காலத்தோடு பொருந்தவில்லை. 1961-இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

ஏழாம் படி: வண்ணமேறியவற்றில் கூடுதல் எச்சரிக்கை

நீலம், சிவப்பு, பொன் ஆகிய மூன்றும் சேர்ந்த அலங்காரத் தட்டுகளே இமாரி என்ற சொல்லோடு உலகம் முழுவதும் மனத்தில் எழுபவை. அவற்றின் சிவப்பு தடித்தது, சற்று இருண்டது; சீன இமாரியின் சிவப்பு மெல்லியது, ஆரஞ்சுக்கு நெருக்கமானது. பாரிஸின் சாம்சன் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைத் திறமையாகப் படியெடுத்தது.

மிகவும் அஞ்சவேண்டியது அத்தோயே, அதாவது பின்னேற்றிய ஓவியம். உண்மையிலேயே பழைய வெள்ளைத் தட்டையோ எளிய நீலத் தட்டையோ எடுத்து, அதன்மேல் பிற்காலத்தில் விலைமதிப்புள்ள வண்ணங்களைத் தீட்டி மீண்டும் சுடுவார்கள். மண் பழையது, அடி பழையது, முள்தடமும் சரியாக இருக்கும். லென்ஸ் ஒன்றே துணை: தேய்மானக் கீறல் வண்ணத்தை அறுத்துக்கொண்டு சென்றால் நல்லது, வண்ணம் கீறலை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தால், கீறல் விழுந்த பிறகே வண்ணம் வந்தது.

நபேஷிமா வகையைத் தொடக்கக்காரர் வாங்காமலிருப்பதே நல்லது. ஓகாவாச்சியில் குறுநில அரசின் சொந்தச் சூளையில், ஷோகுன் என்னும் படைத்தலைமை ஆட்சியாளருக்கும் பிரபுக்களுக்கும் காணிக்கையாகச் செய்யப்பட்ட அத்தட்டுகளின் உயர்ந்த அடிவளையத்தில் சீப்புப் பற்கள் போன்ற நீலக்கோலம் ஓடும். மெய்ஜி முதல் இன்றுவரை மதிப்போடு செய்யப்படும் படிகளும் ஏராளம். மதிப்போடு செய்யும் படியை உத்சுஷி என்றும், ஏமாற்றச் செய்வதை கன்சாக்கு என்றும் ஜப்பானியர் பிரித்துச் சொல்வர்.

எட்டாம் படி: பழுதின் பெயர்களை அறிதல்

சந்தையில் விற்பவர் உண்மையைச் சொல்லியிருப்பார். சொல் தெரியாததால் நாம் ஏமாந்தோம் என்றெண்ணுவோம். மயிரிழை விரிசல் ‘ந்யூ’, விளிம்பில் மிகச் சிறிய சிதைவு ‘ஹொத்சு’, அடியில் பறவைக்கால் போலக் கிளைக்கும் விரிசல் ‘தோரியாஷி’, சூளையில் மேலிருந்து விழுந்து ஒட்டிய துகள் ‘ஃபுரிமோனோ’, பழுது பார்த்தது ‘நவோஷி’, குறையற்றது ‘கம்பின்’. இவற்றுள் ஃபுரிமோனோ சூளையிலேயே உண்டானது, ஆகவே விலையை அவ்வளவாகக் குறைக்காது.

விரல்நுனிகளின்மேல் தட்டைத் தாங்கி மெதுவாகச் சுண்டினால், முழுமையானது நீண்டு ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று அடங்கும். மறைத்த பழுதுகளை இருட்டில் புற ஊதா விளக்கு காட்டிக்கொடுக்கும். நவீனப் பசையும் சாயமும் மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும். அரக்கும் பொன்னும் கொண்டு வெளிப்படையாகச் செய்த கின்த்சுகி வேறு வகை. அதைக் குறையாக எண்ணாமல், யாரோ ஒருவர் அந்தக் கிண்ணத்தை இழக்க மனமில்லாமல் செலவிட்டதன் சான்றாக நான் பார்க்கிறேன். தன் பழைய பொன்னிணைப்போடு வரும் கிண்ணத்தை, புதிய சாயத்தால் மறைத்த ‘குறையற்ற’ கிண்ணத்துக்கு முன்னால் வாங்குவேன்.

ஒன்பதாம் படி: வாங்குதல், கொண்டுவருதல், வைத்திருத்தல்

கியோத்தோவின் தோஜிக் கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதியும், கித்தானோ தென்மாங்குவில் 25-ஆம் தேதியும் கூடும் சந்தைகள் பெயர்பெற்றவை. விடியலில் செல்லுங்கள். எடுக்குமுன் விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, இரு கைகளாலும், விளிம்பைப் பிடிக்காமல் எடுங்கள். காலம் என்ன, பழுது என்ன என்பதை ரசீதில் எழுதித்தரக் கேட்பது இழுக்கன்று. நேர்மையான வியாபாரி அதற்கு முகம் சுளிப்பதில்லை. பெட்டியோடு வந்தால், பெட்டியிலுள்ள எழுத்தும் உள்ளிருக்கும் பொருளும் ஒன்றுக்கொன்று உரியனவா என்று பாருங்கள், பழைய பெட்டிக்குள் வேறு பொருளை வைப்பது எளிது.

ஜப்பானின் 1950-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட முக்கியச் சொத்துகளின் ஏற்றுமதியைத் தடுக்கிறது. சாதாரண இமாரித் தட்டு அதற்குள் வராது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தொல்பொருள் என்று வரையறுத்து, தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. ஆகவே கொண்டுவந்ததை மீண்டும் வெளியே எடுத்துச்செல்லக்கூடும் என்று எண்ணுபவர்கள், வாங்கிய ரசீதையும் சுங்கத் தாள்களையும் பத்திரப்படுத்தி, தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும்.

வீட்டில் பிளாஸ்டிக் தொட்டியில் இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும். பொன்னும் வண்ணமும் ஏறியவற்றைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும், கின்த்சுகி செய்தவற்றை மைக்ரோவேவிலும் வைக்கக்கூடாது. பழைய மேல்வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் புளிப்பான உணவை அவற்றில் பரிமாறவேண்டாம். அடுக்கும்போது இடையே துணி வையுங்கள். கம்பிச் சுருளால் இறுக்கும் சுவர் மாட்டிகள் விளிம்பைத் தின்றுவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, விட்டம், உயரம், அடிவளையத்தின் அளவு, முள்தடங்களின் எண்ணிக்கை, வாங்கிய இடம், நாள், விலை, விற்றவர் சொன்ன காலம் ஆகியவற்றை எழுதி, முகத்தையும் அடியையும் படமெடுத்து ஒட்டிவையுங்கள். விற்றவர் சொன்னதற்குக் கீழே உங்கள் சொந்த முடிவைப் பென்சிலால் எழுதுங்கள். இரண்டாண்டு கழித்து அழித்துத் திருத்தவேண்டியிருக்கும்.